பிள்ளை 'ஹோமுக்கு'ப் போகுமுன் வரவேண்டிய உதவி

தேயிலைத் தோட்டத்தில் ஒரு வீட்டில் நடுப்பிள்ளையைக் காணோமே என்று கேட்டால், "அவன் ஹோம்ல படிக்கிறான்" என்று பதில் வரும். ஹோம் என்றால் சிறுவர் இல்லம். சொல்கிற தாயின் குரலில் வருத்தமும் இருக்கும், கொஞ்சம் நிம்மதியும் இருக்கும். அங்கே மூன்று வேளைச் சாப்பாடு, சப்பாத்து, கொப்பி, மாலையில் வகுப்பு எல்லாம் கிடைக்குமே என்ற நிம்மதி. யாரும் அந்தப் பிள்ளையை அநாதை என்று சொல்வதில்லை. அவன் அநாதையும் இல்லை. தாய் மலையில் கொழுந்து எடுக்கிறாள், தகப்பன் கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறான். இலங்கையின் சிறுவர் இல்லங்களில் உள்ள பிள்ளைகளில் பெரும்பாலானோரின் நிலை இதுதான். தாய் தகப்பனில் ஒருவராவது உயிருடன் இருக்கிறார்.

பிறகு ஏன் போனான் என்று துருவிப் பார்த்தால், நாலைந்து சின்னக் காரணங்கள் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்திருக்கும். வாரக்கடன், குடி, வெளிநாடு போன தாய், பாடசாலைக்கு நீண்ட நடை, கூரையில் ஒழுக்கு. ஒவ்வொன்றும் தனியாக வந்திருந்தால் அந்த வீடு சமாளித்திருக்கும். எல்லாம் சேர்ந்து வந்தபோது கைகொடுக்க ஆள் இல்லை. வந்த ஒரே ஆள், ஹோமில் ஓர் இடம் இருக்கிறது என்று சொன்னவர்.

அவருக்கு முன்னால் இன்னொருவர் அந்த வீட்டு வாசலுக்குப் போயிருக்க வேண்டும். 'முன்தடுப்புக் குடும்ப ஆதரவு' என்பது அந்த இன்னொருவரின் வேலை. பிள்ளையைக் குடும்பத்திலிருந்து பிரிக்கவேண்டிய கட்டம் வருமுன்னே, அந்தக் குடும்பத்துக்கு என்ன குறைகிறதோ அதை (பணம், ஆவணம், மருந்து, சிகிச்சை, பிள்ளை பார்க்க ஆள்) சரியான அளவில் கொண்டுபோய்ச் சேர்ப்பது. தேயிலை மலையில் மழை பிடிக்குமுன் கான் (தண்ணீர் வடியும் வாய்க்கால்) வெட்டுவதைப் போன்றது இது. கான் தூர்ந்து கிடந்தால், மண் சரிந்த பிறகு எத்தனை பேரைப் போட்டாலும் போன செடி போனதுதான். ஆனால் கான் வெட்டிய மலையைப் பார்த்தால் ஒன்றுமே நடக்காதது போலத்தான் தெரியும். முன்தடுப்புக்குக் காசு ஒதுக்க வைப்பது கஷ்டமாக இருப்பதும் இதனால்தான். கட்டடம் கட்டித் திறந்தால் பெயர்ப்பலகை வைக்கலாம். பிரியாமல் இருந்த குடும்பத்துக்கு யார் பலகை வைப்பார்கள்?

சட்டம் எந்த இடத்தில் தொடங்குகிறது

சிறுவர் பாதுகாப்பில் இன்றும் நாம் சாய்ந்து நிற்பது 1939ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சிறுவர் மற்றும் இளம் ஆட்கள் கட்டளைச் சட்டத்தின் மீது. பராமரிப்போ பாதுகாப்போ தேவைப்படும் பிள்ளையை நீதவான் முன் கொண்டுவந்து, ஓர் உறவினரிடமோ தகுந்த வேறு ஆளிடமோ நிறுவனத்திடமோ ஒப்படைப்பது அதன் வழி. அதாவது கேடு நடந்த பிறகுதான் அந்தச் சட்டம் கண் திறக்கிறது. 1991இல் இலங்கை ஏற்றுக்கொண்ட ஐ.நா. சிறுவர் உரிமைகள் சமவாயம் அதற்கு ஒரு படி முன்னே போகிறது. 9ஆம் உறுப்புரை, பிள்ளையின் நலனுக்கு அவசியமானால் ஒழியப் பெற்றோரிடமிருந்து பிரிக்கக்கூடாது என்கிறது. 18ஆம் உறுப்புரை, பிள்ளை வளர்க்கும் பெற்றோருக்கு அரசு உதவ வேண்டும் என்கிறது. 2009இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டல்கள் இன்னும் வெளிப்படையாகப் பேசுகின்றன: வறுமை மட்டுமே பிள்ளையைப் பிரிப்பதற்குக் காரணமாக இருக்கக்கூடாது, வறுமை தெரிந்தால் குடும்பத்துக்கு உதவி தேவை என்பதற்கான அடையாளமாக அதை எடுத்துக்கொள்ள வேண்டும். இலங்கையின் சிறுவர் மாற்றுப் பராமரிப்புக்கான தேசியக் கொள்கை வந்தது 2019இல். இல்லம் என்பது கடைசி வழி என்பதே அதன் போக்கு.

காசு எங்கே போகிறது என்பதும் சீர்திருத்தத்தின் ஒரு பகுதி. அமெரிக்காவில் நீண்டகாலம் மத்திய அரசின் பெரிய நிதி, பிள்ளை வளர்ப்புக் குடும்பத்துக்கோ நிறுவனத்துக்கோ போன பிறகுதான் மாநிலங்களுக்குக் கிடைத்தது. 2018இல் வந்த ஒரு சட்டம், அந்த நிதியை மனநல உதவிக்கும், போதைச் சிகிச்சைக்கும், வீட்டுக்கே வந்து பெற்றோருக்குக் கைகொடுக்கும் திட்டங்களுக்கும் 12 மாதம் வரை செலவிட வழிவிட்டது. நம் ஊர் நன்கொடையாளர்களின் பழக்கமும் அந்தப் பழைய அமெரிக்க முறை போன்றதே. இல்லத்துப் பிள்ளைகளுக்குப் பிறந்தநாள் சாப்பாடு கொடுக்க வரிசையில் நிற்பார்கள். அதே பிள்ளை வீட்டில் இருந்தபோது ஒரு மாதப் பால்மாவுக்கு யாரும் வரவில்லை.

இல்லங்கள் எல்லாம் மோசம் என்று இதற்குப் பொருளில்லை. ஆனால் கைக்குழந்தைப் பருவத்தில் நிறுவனத்தில் வளர்வது மூளை வளர்ச்சியையும் பாசப் பிணைப்பையும் பாதிக்கிறது என்பது நன்றாக ஆராயப்பட்ட விஷயம். 2000இல் ருமேனியாவின் புக்காரெஸ்டில் தொடங்கிய ஆய்வில், நிறுவனங்களில் இருந்த 136 குழந்தைகளில் ஒரு பகுதியினர் வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்கள் நிறுவனத்திலேயே இருந்தவர்களைவிடத் தேறினார்கள். அதிலும் இரண்டு வயதுக்குள் போனவர்களின் தேற்றம் அதிகம்.

மூன்று அடுக்கு

முதல் அடுக்கு எல்லோருக்கும் உரியது. தடுப்பூசி, மாதாந்த நிறை, திரிபோஷ என்ற சத்துமா, பிள்ளை மடுவம் (தாய்மார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளைப் பார்க்கும் இடம்), பாடசாலை. இதில் யாரும் யாரையும் 'பிரச்சினைக் குடும்பம்' என்று பார்ப்பதில்லை. இரண்டாவது, சறுக்கத் தொடங்கிய குடும்பங்களுக்கு. மூன்றாவது, இன்னும் ஓரடி வைத்தால் பிள்ளை பிரிந்துவிடும் என்ற நிலையில் உள்ள வீடுகளுக்கு. இந்த மூன்றாவது அடுக்கில் தீவிரமாக வேலை செய்ய ஆள்பலம் வேண்டும். 1974இல் அமெரிக்காவின் டகோமா நகரில் தொடங்கிய 'ஹோம்பில்டர்ஸ்' முறையில், ஒரு பணியாளர் ஒரே நேரத்தில் இரண்டு குடும்பங்களை மட்டும் கையில் எடுத்து, நான்கிலிருந்து ஆறு வாரம் அவர்களோடேயே நிற்பார். பல தோட்டங்களையும் கிராமங்களையும் ஒற்றை ஆளாகப் பார்க்கும் நம் உத்தியோகத்தரிடம் அதை எதிர்பார்க்க முடியாது. எனவே மலையகத்தில் பலன் தரக்கூடியது இரண்டாவது அடுக்கே. மீதிக் கட்டுரை பெரும்பாலும் அதைப் பற்றித்தான்.

யார் எதற்கு?

பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருப்பார். முன்தடுப்பு வேலைக்கு முதலில் போகவேண்டியது அவரிடம். நன்னடத்தை உத்தியோகத்தர் மாகாண சபையின் கீழ் வருபவர்; நீதிமன்றம், இல்லத்தில் சேர்த்தல், இல்லத்திலிருந்து திரும்ப எடுத்தல் எல்லாம் அவர் வழியாக. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது. துஷ்பிரயோகம் பற்றிய முறைப்பாட்டை 1929 என்ற இலக்கத்தில் எந்த நேரமும் சொல்லலாம். குடும்பநல மாது, அதாவது நாம் மிட்வைஃப் என்று கூப்பிடுகிறவர், சுகாதார வைத்திய அதிகாரியின் கீழ். தோட்டத்துக்குள் பிள்ளை மடுவத்தை நடத்தும் சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தரும் நலன்புரி உத்தியோகத்தரும் நிர்வாகத்தின் ஆட்கள்.

இவர்கள் எல்லோரும் ஒரே பிள்ளையைப் பற்றி வெவ்வேறு விஷயம் அறிந்திருப்பார்கள், ஒருவருக்கொருவர் பேசியிருக்க மாட்டார்கள். மிட்வைஃபுக்கு நிறை தெரியும், டீச்சருக்கு வரவு தெரியும், மடுவத்து ஆயாவுக்கு யார் கொண்டுவந்து விட்டார், யார் கூட்டிப்போனார் என்பது தெரியும். இதை ஒரே மேசையில் வைக்கத்தான் கிராம, பிரதேச மட்டங்களில் சிறுவர் அபிவிருத்திக் குழுக்கள் இருக்கின்றன. அவை ஒழுங்காகக் கூடுகிற இடங்களில் பாதி வேலை முடிந்தது. கூடாத இடத்தில் இந்த மூன்று பேரும் மாதம் ஒருமுறை பத்து நிமிடம் பேசிக்கொண்டாலே போதும், கடிதத் தலைப்பெல்லாம் வேண்டாம்.

எதைக் கண்டால் உஷாராக வேண்டும்

பெரிய அடையாளங்கள் எல்லோருக்கும் தெரியும். முன்தடுப்புக்குப் பயன்படுவது சின்ன அடையாளங்கள். பிள்ளை சுகாதார அபிவிருத்திப் பதிவேட்டில் நிறைக்கோடு இரண்டு மாதம் தொடர்ந்து படுத்துக் கிடப்பது. மூத்த பெண்பிள்ளை வாரத்தில் ஒரு குறிப்பிட்ட நாள் மட்டும் வராமல் நிற்பது. பத்தாம் திகதிச் சம்பளத்துக்குப் பிறகு வரும் நாட்களில் மட்டும் வரவு விழுவது. அங்கே தவறணையோ (சாராயக்கடை) கசிப்போ (கள்ளச்சாராயம்) கணக்கில் இருக்கிறது. கடனுக்கு வாராவாரம் காசு வாங்க வருகிறவர் வரும் நேரத்தில் வீட்டுக் கதவு பூட்டியிருப்பது. பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளை "கொழும்புல சித்தி வீட்டுக்குப் போயிருக்கு" என்று சொல்லப்படுவது. இந்தக் கடைசி அடையாளத்தைக் கேட்டால், பிள்ளை வேலைக்கு அனுப்பப்பட்டிருக்கலாம் என்று எண்ணி அன்றைக்கே விசாரிக்க வேண்டும். கட்டாயக் கல்வி வயது 16 வரை. 2021இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு வேலைக்கு அமர்த்தக்கூடிய குறைந்த வயதும் 16.

ஒரு வீட்டைக் கிட்டப் போய்ப் பார்த்தால்

விளங்கிக்கொள்ள ஒரு மாதிரிக் குடும்பத்தை எடுப்போம். தாய் கொழுந்து எடுக்கிறார். தகப்பன் கைக்காசு வேலைக்குப் போவார், குடிப்பார். பிள்ளைகள் மூன்று: 13 வயதுப் பெண், 9 வயதுப் பையன், இரண்டரை வயதுக் குழந்தை. அப்பாயி (தகப்பனின் தாய்) அடுத்த லயத்தில் (தோட்டத் தொடர்வீட்டு வரிசையில்). மூத்தவள் மூன்று வாரமாகப் பாடசாலைக்கு ஒழுங்காக வரவில்லை. பையனை ஹோமில் சேர்க்கலாம் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். தாய் குவைத்துக்குப் போக முகவரிடம் பாஸ்போர்ட் கொடுத்துவிட்டார்.

காகிதத்தில் பார்த்தால் இது "பல பிரச்சினைகள் உள்ள குடும்பம்". அப்படி எழுதி வைத்தால் யாருக்கும் எங்கே கைவைப்பது என்று தெரியாது. மூத்தவள் ஏன் நிற்கிறாள் என்ற ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். குழந்தையைப் பார்க்க. குழந்தை ஏன் மடுவத்துக்குப் போகவில்லை? உடம்பெல்லாம் சொறி, மற்றப் பிள்ளைகளுக்கு ஒட்டும் என்று ஆயா எடுக்கவில்லை. தாய் வீட்டில் நிற்கலாமே? நின்றால் 'பேர்' போடமாட்டார்கள். பேர் என்பது ஒரு நாள் வேலைக்கான பதிவு, சம்பளம் அதற்குத்தான். 2024 செப்டம்பரில் வர்த்தமானியில் வந்த 1,350 ரூபா அடிப்படை நாட்சம்பளத்தை வைத்தே பார்ப்போம். மாதம் 20 பேர் என்றால் 27,000. ஐந்து பேர் குறைந்தால் 20,250. வாரம் 1,500 ரூபா வீதம் இரண்டு கடன் இருந்தால் மாதம் 12,000 அதிலேயே போகும். மிச்சம் 8,250; அதுவும் பிடித்தங்களுக்கு முன். சம்பளம் உயர்ந்தாலும் இந்தக் கணக்கின் வடிவம் மாறுவதில்லை, கடனும் கூடவே உயர்கிறது. குவைத் என்ற எண்ணம் வந்தது இந்த 8,250 ரூபாவிலிருந்துதான்.

ஆக, முதலில் அவிழ்க்கவேண்டிய முடிச்சு சொறி. இது கொஞ்சம் வேடிக்கையாகத் தோன்றலாம், சிறுவர் பாதுகாப்புக்கும் சொறிமருந்துக்கும் என்ன சம்பந்தம் என்று. ஆனால் அது தீர்ந்தால் குழந்தை மடுவத்துக்குப் போகும், மூத்தவள் பாடசாலைக்குப் போவாள், தாயின் பேர் விழும். தோட்ட மருந்துக்கடையிலோ வைத்தியசாலையிலோ மருந்து வாங்கலாம். குழந்தைக்கு மட்டும் பூசினால் இரண்டு வாரத்தில் திரும்பி வரும். சொறி திரும்புவதற்கு முக்கியக் காரணமே இதுதான். காம்பராவில் (லயத்து அறையில்) படுக்கிற அத்தனை பேரும், அரிப்பு இல்லாதவரும்கூட, ஒரே இரவில் கழுத்துக்குக் கீழே முழு உடம்பிலும், விரலிடுக்கு விடாமல் பூச வேண்டும். சின்னக் குழந்தைக்குத் தலையிலும் பூசவேண்டியிருக்கும்; அதை மருந்து தருகிறவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். ஒரு வாரத்தில் மறுபடி ஒருமுறை. உடுப்பும் கம்பளியும் கொதிநீரில் போட வேண்டும் என்பார்கள். மார்கழிப் பனியில் லயத்துக் கம்பளி காய நாலு நாள் ஆகும், அதனால் பலர் அந்தப் படியைவிட்டுவிடுகிறார்கள். அதற்கு ஒரு வழி: துவைக்க முடியாததை பொலித்தீன் உரப்பையில் போட்டு இறுகக் கட்டி ஒரு வாரம் வைத்துவிட்டால், ஆள் உடம்பு கிடைக்காத பூச்சி தானே செத்துவிடும். அந்த ஒரு வாரத்துக்கு இரண்டு கம்பளி இரவல் வாங்கிக் கொடுப்பதுதான் அந்த வாரத்தின் 'குடும்ப ஆதரவு'.

இரண்டாவது, காசு. அரசின் நலன்புரிக் கொடுப்பனவான அஸ்வெசும கிடைக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்தக் கொடுப்பனவு 2023 ஜூலையில் தொடங்கியபோது குடும்பங்கள் நான்கு வகையாகப் பிரிக்கப்பட்டன. தோட்டத்தில் இது தவறிப்போவதற்கு வழக்கமான காரணங்கள் உண்டு. லயத்து வீட்டுக்குத் தனி விலாசம் இல்லை, கடிதம் தோட்டக் காரியாலயத்தில் தூங்கும். ஒரு காம்பராவில் இரண்டு குடும்பம் இருந்தால் ஒன்றாக எண்ணிவிடுவதும் நடக்கும். அடையாள அட்டையில் பெயர் ஒரு மாதிரி, வங்கிப் புத்தகத்தில் இன்னொரு மாதிரி. எனவே விண்ணப்பத்தோடு நிறுத்தாமல், பதில் வந்ததா என்று ஒரு ஆள் தேடிப்போய்ப் பார்க்க வேண்டும். நன்னடத்தைத் திணைக்களத்தின் 'செவன சரண' போன்ற உதவித்தொகையையும் கேட்டுப் பார்க்கலாம்.

மூன்றாவது, குடி. இதில் கண்டிப்பாகத் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று உண்டு. "கோயிலில் சத்தியம் பண்ண வைப்போம், ஐயப்பனுக்கு மாலை போட வைப்போம்" என்று குடும்பம் சொல்லும். எப்போதாவது குடிப்பவருக்கு அது உதவலாம். தினமும் காலையிலிருந்தே குடிக்கிறவர் ஒரேயடியாக நிறுத்தினால், முதல் இரண்டு நாளில் கைநடுக்கமும் வியர்வையும், சிலருக்கு வலிப்பும் வரும். இரண்டாம் மூன்றாம் நாளில் பிதற்றலும் குழப்பமும் வரலாம். அது உயிருக்கே ஆபத்து. அவருக்குத் தேவை வைத்தியசாலை. மாவட்ட, ஆதார வைத்தியசாலைகளின் மனநல கிளினிக்கில் காட்டி, மருந்தோடு நிறுத்த வேண்டும். மாலையைப் பிறகு போடட்டும். மனநல உதவிக்கு 1926 என்ற இலக்கமும் உண்டு.

நான்காவது, பையன். அவனை ஹோமுக்கு அனுப்பும் எண்ணம் உண்மையில் பாடசாலை பற்றியது. மேல் டிவிசனிலிருந்து (தோட்டத்தின் மேல் பிரிவிலிருந்து) நடந்துபோய் வந்து, இருட்டுகிற காம்பராவில் வீட்டுப்பாடம் செய்ய இடமில்லை. பஸ்ஸுக்கு மாணவர் சீசன் டிக்கெட், பிள்ளை மடுவத்திலோ முன்பள்ளியிலோ மாலை ஐந்திலிருந்து ஆறரை வரை விளக்கும் மேசையும், பார்க்க உயர்தரம் படித்த ஒரு பிள்ளை. இவ்வளவுதான் தேவைப்பட்டது.

வீட்டுக்குப் போவதும் திட்டம் போடுவதும்

மாலை நாலரைக்குப் பிறகு போக வேண்டும். அதற்கு முன் தாய் மலையில். சம்பளநாளும் அதற்கு அடுத்த நாளும் வேண்டாம். ஜீப்பில் லயத்து வாசலில் போய் இறங்கினால் அன்றிரவே முழு டிவிசனுக்கும் அது 'போலீஸ் வந்த வீடு'. சந்தியில் இறங்கி நடந்து போவது மேல். உள்ளே போனதும் கொப்பியைத் திறக்காமல், கொடுக்கிற தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் பேச வேண்டும். காம்பராவுக்கும் காம்பராவுக்கும் நடுவில் உள்ள சுவருக்குக் காது உண்டு. கடன், அடி, சந்தேகம் பற்றிய பேச்சை அங்கே எடுக்கக்கூடாது.

குடும்பக் கூட்டத்தை மடுவத்திலோ கோயில் மண்டபத்திலோ வைக்கலாம். தோட்டக் காரியாலயத்தில் வைத்தால் துரைக்கு (தோட்ட முகாமையாளருக்கு) முன்னால் நிற்கிற மாதிரி எல்லோரும் தலையாட்டிவிட்டுப் போவார்கள். அப்பாயி, மாமா, சித்தி என்று பிள்ளைக்கு வேண்டியவர்களைக் கூப்பிட வேண்டும். பலமுறை உத்தியோகத்தர் யோசிக்காத தீர்வு அங்கேதான் வரும். "காலையில ஆறு மணியிலிருந்து நான் வச்சிக்கிறேன், மடுவத்துல நானே விடுறேன்" என்று அப்பாயி சொல்லிவிடுவார். அவர் சொன்னதை அப்படியே திட்டத்தில் எழுத வேண்டும்.

திட்டம் ஒரு தாள். என்ன வேலை, யார் செய்வார், எந்தத் திகதிக்குள், முடிந்ததா என்று நாலு கட்டம். தமிழில். தமிழில் விண்ணப்பிக்கவும் பதில் பெறவும் அரசியலமைப்பே உரிமை தருகிறது. வாசிக்கத் தெரியாத மொழியில் கைநாட்டு வைத்த திட்டத்தை யாரும் பின்பற்றமாட்டார்கள். ஏழு வேலைக்கு மேல் எழுதினால் ஒன்றும் நடக்காது. முதல் மாதம் வாரம் ஒருமுறையாவது யாராவது ஒருவர் போக வேண்டும், பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. முப்பதாம் நாளும் தொண்ணூறாம் நாளும் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அளவுகோல் குடும்பம் 'திருந்தியதா' என்பதல்ல. மூத்தவள் எத்தனை நாள் பாடசாலைக்குப் போனாள், குழந்தையின் நிறைக்கோடு ஏறியதா, தாய்க்கு எத்தனை பேர் விழுந்தது. எண்ணக்கூடியவற்றை மட்டும் எண்ண வேண்டும்.

ஆவணங்களையும் இந்த மூன்று மாதத்துக்குள் முடிக்கப் பார்க்க வேண்டும். பிறப்பை 42 நாளுக்குள் பதிய வேண்டும். மூன்று மாதம் தாண்டினால் காலங்கடந்த பதிவாகி அலைச்சல் கூடும். பிறப்புச் சான்றிதழ் இல்லையென்றால் 15 வயதில் எடுக்கவேண்டிய அடையாள அட்டை நிற்கும், சாதாரணதரப் பரீட்சையின்போது தலைவலி தொடங்கும். அந்த வயதில் படிப்பை விட்ட பிள்ளைகளில் சிலரை விடவைத்தது இந்தக் காகிதம்.

எங்கே பிழைக்கிறது

உலர் உணவுப் பொதி கொடுத்துப் படமெடுத்துவிட்டு அதை முன்தடுப்பு என்று சொல்வது முதல் பிழை. பசிக்கு அது உதவும். முடிச்சு அப்படியே இருக்கும். அடுத்தது, 'நல்ல பெற்றோராவது எப்படி' என்ற வகுப்பை வேலைநாள் காலை பத்து மணிக்கு வைப்பது. அதற்கு வருகிற தாய் ஒரு பேரை இழக்கிறார். அதாவது பிள்ளையின் சாப்பாட்டுக் காசைக் கொடுத்துப் பிள்ளை வளர்ப்பைப் பற்றிக் கேட்கிறார். மூன்றாவது, மிரட்டல். "பாடசாலைக்கு அனுப்பாட்டி பிள்ளையைத் தூக்கிட்டுப் போய் ஹோம்ல போட்டிருவோம்" என்று ஒரு உத்தியோகத்தர் ஒருமுறை சொன்னால், அந்த லயத்தில் இருபது வீடு அதற்குப் பிறகு வாய் திறக்காது. உதவி கேட்டால் பிள்ளை போய்விடும் என்று பயப்படுகிற ஊரில் முன்தடுப்பு செய்ய முடியாது.

தூரமும் ஒரு பிழைதான், அது குடும்பத்தின் பிழையல்ல. நீண்டகாலம் மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒரு கடிதத்துக்கு கினிகத்தேனையில் உள்ள அம்பகமுவ பிரதேச செயலகத்துக்குப் போகவேண்டியிருந்தது. பஸ் காசோடு ஒரு நாள் பேரும் போய்விடும். நுவரெலியா மாவட்டத்தில் பிரதேச செயலகங்களைக் கூட்டியதன் அருமை அதைச் செய்தவர்களைவிட அந்த பஸ்ஸில் போனவர்களுக்குத்தான் தெரியும்.

தாய் வெளிநாடு போகத்தான் போகிறார் என்றால்

சிறுபிள்ளைகளின் தாய்மார் வீட்டுப் பணிப்பெண்களாக வெளிநாடு போவதற்கு 2013இலிருந்து குடும்பப் பின்னணி அறிக்கை கேட்டார்கள். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை இருந்தால் போக முடியாது. 2022இல் பொருளாதார நெருக்கடியின்போது அந்த வயதெல்லை இரண்டாகக் குறைக்கப்பட்டது. மேலே பார்த்த மாதிரிக் குடும்பத்தின் குழந்தைக்கு வயது இரண்டரை. அதாவது விதி இப்போது அந்தத் தாயைத் தடுக்காது. தடை போட்டபோதும் பலர் சுற்றுவழியில் போனார்கள் என்பதால், தடையை நம்பியிருப்பதில் பயனில்லை. போகுமுன் ஏற்பாடு செய்வதில்தான் பயன்.

பிள்ளையைப் பார்க்கப்போகும் ஆள் யார் என்பதைப் பேச்சில் விடாமல் எழுதி, அதன் பிரதிகளைப் பாடசாலைக்கும் மிட்வைஃபுக்கும் கிராம உத்தியோகத்தருக்கும் கொடுக்க வேண்டும். அப்பாயியைப் பாதுகாவலராகப் பாடசாலைப் பதிவில் சேர்க்காவிட்டால், அவர் கையெழுத்தை யாரும் ஏற்கமாட்டார்கள். அனுப்பும் காசு யார் கணக்குக்கு வருகிறது? குடிக்கிற தகப்பன் கணக்குக்கு வந்தால் அது தவறணைக்குப் போகும்; பிள்ளையைப் பார்ப்பவரின் பெயரில் கணக்குத் திறக்க வேண்டும். பிறப்புச் சான்றிதழ், சுகாதாரப் பதிவேடு, கிளினிக் கொப்பி எல்லாம் தாயின் பெட்டியில் பூட்டியிருக்கும். சாவி அப்பாயியிடம் இருக்க வேண்டும். 13 வயதுப் பெண்பிள்ளை இரவில் எங்கே படுப்பாள், யாரோடு என்பதையும் கேட்டுத்தான் ஆகவேண்டும். கேட்கக் கூச்சமாக இருக்கும். பல வீடுகளில் மிகப் பெரிய ஆபத்து இருப்பது அந்த ஒரு கேள்விக்குள்.

எங்கே நிறுத்த வேண்டும்

குடும்பத்தை எப்பாடு பட்டாவது ஒட்டவைப்பது முன்தடுப்பின் வேலை அல்ல. பாலியல் துஷ்பிரயோகம் என்ற சந்தேகம் வந்த இடத்தில் குடும்பக் கூட்டம் கூடாது, "பேசித் தீர்த்துக்கலாம்" என்று தோட்டத் தலைவர் சொன்னாலும் கூடாது. பிள்ளையைக் குளிப்பாட்டாமல், உடுப்பைத் துவைக்காமல் வைத்தியசாலைக்கு. 1929க்கும் பொலிஸ் சிறுவர் மகளிர் பணியகத்துக்கும் தகவல். பிள்ளையிடம் ஆளாளுக்குத் திரும்பத் திரும்ப விசாரிக்கக்கூடாது. தாய் அடிபடுகிற வீட்டில் "பிள்ளைகளுக்காகப் பொறுத்துக்கோ" என்பதும் ஆதரவு ஆகாது. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். அது 12 மாதம் வரை செல்லும். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938.

அப்படிப் பிரிக்கத்தான் வேண்டும் என்ற நிலையிலும் வரிசை இருக்கிறது. முதலில் உறவினர். நீதிமன்றக் கட்டளையில் அத்தையோ அப்பாயியோ பொறுப்பெடுக்க முடியும். 2004 சுனாமிக்குப் பிறகு தாய் தகப்பனை இழந்த பிள்ளைகளில் மிகப் பெரும்பாலானோர் உறவினர் வீடுகளில்தான் வளர்ந்தார்கள். 2005இல் வந்த சுனாமிச் சட்டத்தில் அந்தப் பிள்ளைகளின் பராமரிப்புக்கும் ஏற்பாடு இருந்தது. உறவினர் யாரும் இல்லாதபோதுதான் இல்லம். அப்போதும் நன்னடத்தை உத்தியோகத்தர் வழியாக, கிட்டிய இடத்தில், அண்ணன் தங்கையைப் பிரிக்காமல், எப்போது திரும்ப வருவார்கள் என்ற திகதியோடு. அந்தத் திகதி வரும்வரை மாதம் ஒருமுறை போய்ப் பார்க்க பஸ் காசு யார் தருவது என்பதையும் அந்த ஒற்றைத் தாளில் ஒரு கட்டத்தில் எழுதிவிட வேண்டும்.